பசிக்குது மச்சான்!

ஆம்பூரில் நின்றுகொண்டு 'பசி என்றால் என்ன?' என்று கேட்கிறவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். சென்னை - பெங்களூர் ஹைவேயில், சாலையோரம் தேக்சாவில் தம் போட்டு வைத்துக்கொண்டு 'வாங்க சார், மட்டனா சிக்கனா?' என்று கூப்பிடுகிற ஊர். பசியோடு வந்தவன் உடனே சாப்பிடுவான். பசியில்லாமல் வந்தவன் மூடியைத் திறந்த பிறகு சாப்பிடுவான். இதில் என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது?

வெளியூர்க்காரர்களைக் கேட்டால், எங்கள் பக்கத்துக்கு இரண்டே அடையாளம் சொல்வார்கள். ஒன்று தோல். இன்னொன்று பிரியாணி. ஆட்டின் தோல் ஷூவாகிக் கப்பலேறுகிறது. மிச்ச ஆடு சீரக சம்பாவோடு சேர்ந்து நமக்குள் இறங்குகிறது. கணக்கு டேலி! (நான் பி.காம். எதைப் பார்த்தாலும் இப்படித்தான் தோன்றும். மன்னித்துக்கொள்ளவும்.)

ஆனால் டேலியாகாத ஒரு கணக்கு என் கண்ணெதிரே ரொம்ப நாளாக ஓடியது. கணக்குக்குச் சொந்தக்காரன் என் நண்பன். ஒரு ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் டாக்குமென்ட்ஸ் பார்க்கிறான். வயது முப்பத்துநாலு. பெயர் வேண்டாம். கம்பெனி பெயர் சுத்தமாக வேண்டாம்.

2025 செப்டம்பர் வாக்கில் ஆரம்பித்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு டாண் என்று போன் வரும்.

"இன்னா மச்சான் பண்றே? பசிக்குது, வா."

போவேன். அவன் ஒரு பிளேட் பிரியாணி சொல்வான். கத்தரிக்காய்த் தொக்கு இன்னொரு தடவை கேட்டு வாங்குவான். கூடவே ஒரு சிக்கன் சிக்ஸ்டிஃபைவ். நான் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாரத்தில் ஒரு நாள் என்றால் சந்தோஷம். நாலு நாள், ஐந்து நாள் என்று போனபோதுதான் எனக்கு இடித்தது. காரணம், அவன் ஐந்து மணிக்கு கம்பெனி வாசலில் இரண்டு சமோசாவும் டீயும் சாப்பிட்டவன். கூட நின்று நானும் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் இரண்டு சமோசா எங்கே போயிற்று?

இதற்கிடையே பெல்ட்டில் இரண்டு ஓட்டை கூடிவிட்டது. தோல் கம்பெனியில் வேலை செய்கிறவனுக்கு அதில் ஒரு சௌகரியம். ஓட்டை போடுகிற பஞ்ச் ஆபீசிலேயே கிடைக்கும்!

இந்த மாதிரி பசிக்கு 'உணர்ச்சிப் பசி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வயிறு காலியானதால் வருவதில்லை. மனசு எதையோ தாங்க முடியாமல் வயிற்றின் பெயரில் பில் போடுகிறது. ஆபீசில் ஒருவர் டூர் போய்விட்டு இன்னொருவர் பெயரில் வவுச்சர் போடுவாரே, அப்படி.

ஹாலந்துக்காரர்கள் 1986-ல் இதற்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். டாட்யானா வான் ஸ்ட்ரீன் என்ற உளவியல் நிபுணரும் அவர் கூட்டாளிகளும் செய்தது. மொத்தம் 33 கேள்வி. மனிதர்கள் சாப்பிடும் தினுசை அது மூன்று தலைப்பில் பிரிக்கிறது. எரிச்சல், சலிப்பு, தனிமை என்று மனசு எதிலோ மாட்டிக்கொண்டு சாப்பிடுவது ஒன்று. கண்ணில் பட்டதால், மூக்கில் ஏறியதால் சாப்பிடுவது இரண்டு. 'இனிமேல் சாப்பிடவே கூடாது' என்று வாயைக் கட்டுவது மூன்று. அதில் என்ன தப்பு என்கிறீர்களா? வருகிறேன்.

நிஜப் பசியையும் இந்தப் பசியையும் எப்படிப் பிரிப்பது? நம் வீட்டிலேயே ஒரு மெஷின் இருக்கிறது. பழைய சோறு, ஊறுகாய். பசிக்கும்போது 'பழைய சோறு இருக்கு, போடட்டுமா?' என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். 'போடு' என்று பதில் வந்தால் வயிறு கேட்கிறது. 'சேச்சே, எனக்கு அந்தக் கடை பிரியாணிதான் வேணும்' என்றால் கேட்பது வயிறு இல்லை. நிஜப் பசி படிப்படியாக வரும், கொஞ்சம் காத்திருக்கும், எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், நிறைந்ததும் எழுந்துவிடும். மற்றது திடீரென்று வரும், இன்னதுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கும், நிறைந்த பிறகும் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

சரி, இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பிக்கிறது? தொட்டிலில்.

ஹில்டே ப்ரூக் என்று ஒரு மனநல டாக்டர் அம்மாள். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்தவர். அவர் சொன்ன விஷயம் இது: தன் பசி எது, தன் தவிப்பு எது என்று குழந்தைக்குப் பிறக்கும்போதே தெரியாது, பெரியவர்கள் நடந்துகொள்கிற விதத்திலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. எதற்கு அழுதாலும் வாயில் ஏதாவது திணித்துக்கொண்டே இருந்தால் இரண்டும் குழம்பிப்போகும்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். விழுந்து முட்டி பெயர்ந்தால் ஒரு பிஸ்கட். ஊசி போட்டால் ஒரு சாக்லேட். கணக்கில் பெயிலா, 'விடு கண்ணா, வந்து சாப்பிடு.' பாஸா, மக்கன் பேடா. (ஆற்காட்டுக்காரர்கள் பாஸ் பெயில் பார்க்காமல் சாப்பிடுவார்கள்.) நலம் விசாரிக்கக்கூட நமக்குத் தெரிந்த கேள்வி 'சாப்ட்டீங்களா?' தான். அன்பை இலையில் பரிமாறுகிற ஜாதி நாம். அது அழகான பழக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆம்பிளைப் பிள்ளைகள் விஷயத்தில் அதில் ஒரு விபரீதம் இருக்கிறது.

பெண்கள் குறைந்தபட்சம் அக்கா தங்கையிடம் அழுதுவிடுவார்கள். நமக்கு அதற்கு வழியில்லை. 'மனசு சரியில்லை' என்று எந்த ஆம்பிளையாவது இன்னொரு ஆம்பிளையிடம் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சினிமாவில், தண்ணி போட்ட பிறகு சொல்வான். நிஜத்தில், தண்ணி போடாத ஆசாமிக்கு வெட்கப்படாமல் சொல்ல முடிந்த ஒரே வாக்கியம் 'பசிக்குது மச்சான்'. கவலையா? பசிக்குது. அவமானமா? பசிக்குது. வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லையா? பசிக்குது. பத்து உணர்ச்சிக்கு ஒரே லெட்ஜர்!

என் அப்பாவை வைத்துச் சொல்கிறேன். அவர் வாணியம்பாடிப் பக்கம் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். பாலாற்றில் தோல் கழிவுநீர் கலந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. இந்த வட்டாரத்து டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்தம் பண்ண ஏற்பாடு செய்யாத டேனரிகளை மூடவேண்டும் என்று கெடு. ஆறு கெட்டது நிஜம், கிணறு கெட்டது நிஜம், தீர்ப்பு நியாயம். ஆனால் அன்றைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவனுக்கு 'நாளைக்கு என்ன?' என்பதும் நிஜம்.

எனக்கு அப்போது ஆறு வயது. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம், அந்த மாதங்களில் அப்பா தினமும் சாயங்காலம் ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கி வருவார் என்பதுதான். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் கொறிப்பார். முந்திரியும் வேர்க்கடலையும் எனக்குப் பொறுக்கித் தருவார். எனக்கு அது தீபாவளி மாதிரி இருந்தது. டேனரி பிறகு திறந்தது, மிக்சர் நின்றது. அந்த வருஷத்தை நினைத்தாலே அம்மா இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேச முடியாததைத்தான் அவர் கொறித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குப் புரிய பல வருஷம் ஆனது.

திடீர் பயம் வேறு, நீண்ட கவலை வேறு என்பதையும் சொல்லிவிடவேண்டும். நாய் துரத்தும்போது யாருக்கும் வடை ஞாபகம் வராது. அப்போது சுரக்கிற அட்ரினலின் பசியை அமுக்கிவிடும். ஆனால் கவலை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுத்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் ஆட்சிக்கு வருகிறது. அது இனிப்பையும் கொழுப்பையும் தேடச் சொல்லும். எல்லோருக்கும் இல்லை. கவலை வந்தால் ஒரு வாய் சோறு இறங்காத ஆசாமிகளும் உண்டு. அவர்கள் மெலிவார்கள், நாம் 'என்னப்பா ஆச்சு?' என்று விசாரிப்போம். மற்றவர்கள் குண்டாவார்கள், 'சௌக்கியம் போலிருக்கே!' என்று முதுகில் தட்டுவோம். அநியாயம்!

தூக்கத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை, 2004-ல் வெளியானது. ஆரோக்கியமான இளைஞர்கள் 12 பேர். இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். இன்னொரு தடவை பத்து மணி நேரம் படுக்கவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தூக்கம் குறைந்தபோது 'போதும்' என்று சொல்கிற லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைவு. 'கொண்டா' என்று சொல்கிற க்ரெலின் 28 சதவீதம் அதிகம். பசி 24 சதவீதம் அதிகம். இரண்டே ராத்திரியில்! ஷிப்மென்ட் வாரத்தில் நம் ஆட்கள் தூங்குகிற அழகை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாயைக் கட்டுவதில் என்ன தப்பு என்று கேட்டீர்களே, அதற்கு வருவோம்.

நம் நண்பனுக்கும் அந்தக் கட்டம் வந்தது. ஒரு திங்கட்கிழமை 'இன்னியிலேர்ந்து அரிசியே தொடமாட்டேன்' என்றான். மத்தியானம் இரண்டு வெள்ளரிக்காய். செவ்வாய் அதே. புதன் சாயங்காலம் ஏழு மணிக்கு போன்: "மச்சான், ரொம்பப் பசிக்குதுடா." அன்றைக்கு இரண்டு பிளேட்.

இது அவன் ஒருத்தன் கதையில்லை. இரண்டாம் உலகப்போர் முடிகிற சமயம், 1944-45-ல், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ராணுவத்துக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காமல், அதற்குப் பதில் இதற்கு முன்வந்தவர்கள். 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. ஆச்சரியம் அதுவல்ல. அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சிலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள்! சோதனை முடிந்து வேண்டிய மட்டும் சாப்பிடவிட்டபோது, வயிறு முட்டியும் பசி அடங்கவில்லை என்று சொன்னவர்கள் உண்டு.

1975-ல் இன்னொரு சோதனை. ஹெர்மன், மாக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவிகளுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணப் பெண்கள் மில்க் ஷேக் குடித்த கணக்குக்கு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட்டில் இருந்தவர்கள்? மில்க் ஷேக் குடிக்காத டயட்காரர்களைவிட அதிகமாக வெளுத்துக் கட்டினார்கள்! இதற்கு வெள்ளைக்காரர்கள் என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பாட்டிகள் முன்னாடியே வைத்துவிட்டார்கள்: 'முழுக்க நனைஞ்சாச்சு, இனிமே முக்காடு எதுக்கு?'

ஆகவே ஆறு மணிக்குத் தடுமாறாமல் இருக்கவேண்டுமானால் ஒரு மணிக்கு ஒழுங்காகச் சாப்பிடவேண்டும். மத்தியானச் சாப்பாட்டை மிச்சம் பிடிக்கிறவன் ராத்திரி வட்டியோடு கட்டுவான்.

கண்ணில் படுகிற சமாசாரமும் இருக்கிறது. முன்பெல்லாம் பிரியாணி இருக்கிற தெருவுக்கு நாம் போகவேண்டும். இப்போது அது நம் பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கம் வராமல் போனைத் தடவினால், யாரோ ஒரு புண்ணியவான் தேக்சாவைத் திறந்து ஆவி பறக்கக் காட்டுகிறான். கீழேயே ஆர்டர் கொடுக்க பட்டன். தனிமையும் பட்டனும் ஒரே அறையில் இருந்தால் விரல் என்ன செய்யும், பாவம்!

இவ்வளவும் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மறுபடியும் மின்னசோட்டா பல்கலைக்கழகம், 2014. சிலரை மனசு கனக்கிற மாதிரி சினிமாக் காட்சிகளைப் பார்க்கவைத்தார்கள். பிறகு ஒரு சமயம் 'இதைச் சாப்பிட்டால் எனக்கு ஆறுதல்' என்று அவர்களே முன்னால் சொல்லியிருந்த பண்டம். ஒரு சமயம் அவர்களுக்குப் பிடித்த வேறு பண்டம். ஒரு சமயம் சும்மா ஒரு தானிய பிஸ்கட் மாதிரி. ஒரு சமயம் ஒன்றுமே இல்லை. யாருக்குச் சீக்கிரம் மனசு தேறியது தெரியுமா? எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு! ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோதும் தேறியது. அதாவது, அந்த மாதிரி சின்ன மனக்கஷ்டம் தானாகவே கலைகிறது. பெயரை மட்டும் பிரியாணி தட்டிக்கொண்டு போகிறது. நாம் ஆபீசில் பார்க்காததா? வேலை தானாக நடக்கும், பக்கத்து சீட்டுக்காரருக்கு இன்க்ரிமென்ட்!

இதை நண்பனிடம் சொன்னேன். சிரித்தான். "அப்போ பிரியாணி வேஸ்ட்டா?" என்றான்.

"வேஸ்ட்டுன்னு யார் சொன்னா? அது ருசிக்கு. உன் பிரச்னை என்னன்னு பார்க்க ஒரு டே புக் போடு" என்றேன். கணக்குப் படித்தவன் வேறு என்ன சொல்வான்? எந்தச் செலவுக்கும் எதிரே ஒரு பதிவு இருக்கவேண்டும். இல்லையென்றால் ஆடிட்டர் விடமாட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் ஒற்றைப் பதிவு?

நாற்பது பக்க நோட்டு. நாலு கட்டம். மணி எத்தனை, என்ன சாப்பிட்டேன், பழைய சோறு கொடுத்தால் சாப்பிட்டிருப்பேனா, அதற்கு அரை மணி முன்னால் என்ன நடந்தது. கலோரி கிடையாது, எடை கிடையாது, திட்டு கிடையாது. இரண்டு வாரம்.

பதினைந்தாம் நாள் நோட்டைப் பிரித்தோம். இரண்டு வாரத்தில் வெளிச்சாப்பாடு ஒன்பது. அதில் எட்டு, ஏழு மணியை ஒட்டி. ஏன் ஏழு? முதலில் நினைத்தது மெயில்தான். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி அடித்தால் இங்கே சாயங்காலம் ஆறரை; குளிர்காலத்தில் ஏழரை. பையர் ஆபீஸ் திறந்து மெயில் போடுகிற நேரம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது, 'ஆர்டரை நிறுத்திவை' என்று மெயில்கள் வந்தது அந்த நேரத்தில்தான். அவற்றை முதலில் திறந்து படித்துவிட்டு, பக்கத்து சீட்டுக்குச் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது அவன் வேலை.

ஆனால் நோட்டு வேறு ஒன்று சொன்னது. மெயிலே வராத நாளிலும் ஏழு மணிக்குப் பசித்திருந்தது. அந்த நாட்களில் நாலாவது கட்டத்தில் அவன் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: 'கிளம்பினேன்.' ஆபீசிலிருந்து கிளம்பினான், பசித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தான், பசிக்கவில்லை.

"வீட்டுக்குப் போறதுல என்னடா உனக்குப் பிரச்னை?" என்றேன்.

ரொம்ப நேரம் டீ கிளாசைச் சுற்றிக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான். இரண்டு மாசமாகச் சம்பளம் இரண்டு தவணையாக வருகிறது. ஓவர்டைம் நின்றுவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. ஹவுசிங் லோன் ஓடுகிறது, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கதவைத் திறந்ததும் மனைவி முகத்தைப் பார்க்கவேண்டுமே என்று கடையில் ஒரு மணி நேரம். பிறகு வீட்டுக்குப் போய், சந்தேகம் வரக்கூடாதென்று அங்கேயும் ஒரு சாப்பாடு!

"ராத்திரிக்கு ரெண்டு சாப்பாடாடா?"

"ரெண்டாவது ரொம்பக் கஷ்டம் மச்சான். அதுவும் அவ, 'என்னங்க, இன்னும் ஒரு தோசை'ன்னு போடுவா."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. மிளகாய்க் காரம் என்றான். அன்றைக்கு நாங்கள் குடித்தது டீ மட்டும்.

அந்த வாரமே வீட்டில் சொல்லிவிட்டான். அவர் என்ன சொன்னாராம் தெரியுமா? "பேங்க் எஸ்.எம்.எஸ். என் போனுக்கும்தான் வருது. நீங்களா சொல்வீங்கன்னு பார்த்துட்டிருந்தேன்." பிறகு பரணைக் காட்டினாராம். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு டப்பா. அடி தெரிந்தது. அவருக்குக் காலை பதினொரு மணிக்குப் பசிக்குமாம், இவன் ஆபீஸ் போன பிறகு! ஒரே கவலையை இரண்டு பேரும் இரண்டு இடத்தில் தனித்தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சொன்னதால் அமெரிக்கா வரியைக் குறைத்துவிடவில்லை. சம்பளம் ஒரே தவணையாகிவிடவில்லை. கல்யாணத்துக்குச் சீட்டு எடுப்பதா, நகையை வைப்பதா என்று இப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். சண்டையும் போடுகிறார்கள். ஆனால் ஏழு மணிப் பசி வாரத்துக்கு ஒன்று என்று இறங்கியது. அந்த ஒன்றையும் விடச் சொல்லி நான் கேட்கவில்லை.

இந்த அடங்காத பசி நமக்குப் புதுசும் இல்லை. மணிமேகலையில் சீத்தலைச் சாத்தனார் காயசண்டிகை என்று ஒருத்தியைக் காட்டுகிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சாப்பிடுகிற முனிவர் எடுத்துவைத்திருந்த நாவல் பழத்தை மிதித்துவிட்டவள். அவர் சாபத்தால் 'யானைத்தீ' என்ற பசி நோய் பிடிக்கிறது. எவ்வளவு போட்டாலும் அடங்காது. கடைசியில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து எடுத்து இட்ட சோற்றில்தான் அடங்குகிறது. அமுதசுரபியின் மகிமை என்று கதை சொல்லும். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. கேட்கிறவளை விரட்டாமல் போட்ட சோறு அது; போட்ட பிறகு மணிமேகலை அவள் கதையையும் முழுசாகக் கேட்டாள்.

சீரியஸாக ஒரு விஷயம். இது விளையாட்டில்லை என்கிற கட்டமும் உண்டு. கட்டுப்படுத்தவே முடியாமல், மற்றவர் பார்க்காதபோது வேகவேகமாக, வலிக்கிற வரை சாப்பிடுவது. பிறகு தன்னையே அருவருப்பது. வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாசமாக நடப்பது. அப்படியானால் அதை ஒரு தனி நோயாகவே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தன் கையேட்டில் சேர்த்திருக்கிறது. மனக்கட்டுப்பாடு போதாது என்று உங்களையே திட்டிக்கொள்வது அதற்கு மருந்தல்ல, டாக்டரிடம் போகவேண்டும். நம் பக்கம் வேலூர் சி.எம்.சி.க்கு பாகாயத்தில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக வெட்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் போன் எண் 14416. 2022-லிருந்து நடக்கிறது, காசு கிடையாது.

ஒரு தடவை சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான கணக்குப்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். நண்பன் பார்த்தான். எல்லைக் கோட்டில் நிற்கிறது. டாக்டர், 'இன்னும் நேரம் இருக்கு' என்றாராம். 'பரவாயில்லை' என்பதற்கும் 'நேரம் இருக்கு' என்பதற்கும் வித்தியாசம் தெரிந்த வயசு எங்களுக்கு வந்துவிட்டது.

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு மணிக்கு ஒழுங்கான சாப்பாடு, ராத்திரி ஏழு மணி நேரத் தூக்கம், ஆசை வந்ததும் பத்து நிமிஷம் தள்ளிப்போட ஒரு நடை. இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. செலவு பிடிக்கிற விஷயம் ஒன்றுதான்: யாராவது ஒருத்தரிடம் வாயைத் திறந்து சொல்வது.

ஆகவே அடுத்த தடவை, ஐந்து மணிக்கு உங்களோடு சமோசா சாப்பிட்ட ஆசாமி ஏழு மணிக்கு போன் பண்ணி 'பசிக்குது மச்சான்' என்றால், 'இப்பதானேடா தின்னே?' என்று மட்டும் கேட்காதீர்கள். போய்விடுங்கள். ஒரு பிளேட் பிரியாணி சொல்லி, இரண்டு தட்டாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'அப்புறம்... வீட்ல எப்படி?' என்று ஆரம்பியுங்கள். கத்தரிக்காய்த் தொக்கு இரண்டாவது தடவை வருவதற்குள் விஷயம் வந்துவிடும்.

பில்லை நீங்களே கொடுத்துவிடுங்கள். அவன் ஏற்கெனவே நிறையக் கொடுத்திருப்பான்.